விமானம் வந்தால் காட்டுத்தீ அணைந்துவிடுமா? தீப்பருவத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

#1 செம்பருந்து

தீப்பருவம் உச்சத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். மழை பெய்து எல்லாம் அடங்கிய பிறகு பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கே பெரிய காட்டுத்தீ வந்தாலும் சிவப்புக் கரைசலைக் கொட்டியபடி விமானம் பறக்கும் காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. "இன்னும் நாலு விமானம் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்குமா?" என்று அதன் கீழே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். தீயை அணைக்கப் பணம் கூடிக்கொண்டே போகிறது, தீ வந்தாலும் ஊர் தப்புவதற்கான வேலைக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது.

என் கட்சி இதுதான். காடு எரிவது ஒரு பிரச்சினை, ஊர் எரிவது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே விமானத்தால் தீர்க்க முடியாது. இரண்டுக்குமான வேலை, புல் பச்சையாக இருக்கும் மாதங்களில் நடக்க வேண்டியது.

ஒரு வரலாறு சொல்கிறேன். 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த அதிர்ச்சியில், எந்தத் தீயையும் விடக்கூடாது என்ற கொள்கை வேரூன்றியது. 1935-ல் அது விதியாகவே ஆனது: இன்று கண்ணில் பட்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். பல பத்தாண்டுகள் அப்படியே அணைத்தார்கள். சிறு சிறு தீயாக அவ்வப்போது எரிந்து கழிந்திருக்க வேண்டிய சருகும் சுள்ளியும் இளங்கன்றுகளும் காட்டுக்குள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு வறட்சியும் காற்றும் சேர்ந்து வந்த ஆண்டுகளில், எத்தனை விமானம் பறந்தும் பிடிக்க முடியாத தீ வந்தது.

அணைப்பதில் ஜெயித்துக்கொண்டே இருந்ததுதான் அங்கே பெரிய தீக்கு வழிவிட்டது. இதை யாராவது மறுப்பீர்களா?

#2 கரும்பாறை

முழுதாக மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, எல்லாக் காட்டுக்கும் அந்தக் கதை பொருந்தாது. தரைத்தீ அடிக்கடி வந்துபோன உலர்ந்த பைன் காடுகளுக்கு அது சரி. குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகள் இயல்பாகவே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மரத்தலைவரை எரிபவை. வெப்பமண்டல மழைக்காடோ எரியவே கூடாத காடு. அங்கே எல்லாம் "அணைத்ததால்தான் எரிகிறது" என்று சொன்னால் தப்பான வைத்தியம் ஆகிவிடும். கனடாவில் 2023-ல் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்ததற்குச் சருகுச் சேர்க்கையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, அந்த வருஷத்து வெப்பமும் வறட்சியும் அப்படி.

இரண்டாவது, விமானத்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். தீ சிறிதாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் அதன் மதிப்பே வேறு. நீர்நிலையின் மேல் உரசிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு விநாடியில் ஆறாயிரம் லிட்டர் அள்ளும் கனடேர் வகை விமானங்கள் இருக்கின்றன. சாலையே இல்லாத மலையில் ஆள் போய்ச் சேரும் முன் அது நாலு முறை ஊற்றிவிடும்.

#3 தீக்கோடு

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் தரையில் வேலை பார்த்தவன், அங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

விமானம் தீயை அணைப்பதில்லை. தணிக்கும், வேகத்தைக் குறைக்கும், நமக்கு நேரம் வாங்கித் தரும். அந்தச் சிவப்புக் கரைசல் பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் உப்பு, நிறம் எங்கே விழுந்தது என்று மேலிருந்து தெரிவதற்காகச் சேர்க்கும் இரும்புத் துரு. தீயின் மேல் ஊற்றுவதைவிட அதன் முன்னால் இருக்கும் செடி கொடியின் மேல்தான் அதைப் பூசுகிறார்கள். அந்த நேரத்துக்குள் தரையில் ஆள் போய்த் தீ தாண்டாதபடி தடுப்புக் கோடு வெட்டாவிட்டால் தீ அதைச் சுற்றிக்கொண்டோ தாண்டியோ போய்விடும். பலமான காற்று அடிக்கும் நாளில் விமானம் எழும்பவே முடியாது. விமானம் மிக அவசியமாகத் தேவைப்படுவதும் அதே நாளில்தான்.

கோடு என்பது புல்லை வெட்டிப் போடுவது அல்ல. சருகு, வேர், மட்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து வெறும் மண் தெரிய வேண்டும். ஒரு முழ வேர் கோட்டுக்குக் குறுக்கே கிடந்தாலும் தீ அதற்குள்ளேயே நகர்ந்து மறுபக்கம் எழுந்துவிடும். சாலை, பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருந்தரை, இப்படி ஏதாவது ஒன்றில் கோட்டைக் கட்டித்தான் தொடங்குவோம். இல்லையென்றால் நாம் முன்னே வெட்டிக்கொண்டு போக, தீ பின்னால் சுற்றி வந்துவிடும்.

தீயின் தலையை நேராகப் போய் அடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். தலை என்பது காற்று தள்ளும் திசையில் ஓடுகிற முனை, உயிர் போவது அங்கேதான். வாலில் தொடங்கி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு போவதே முறை.

சரிவைப் பற்றித் தெரியாமல் மலைக்குள் போகாதீர்கள். பத்து டிகிரி சரிவு கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மேல்சரிவில் இருக்கும் புல்லைக் கீழே எரியும் தீ முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட காய்ந்த புல் சரிவில்தான்.

அப்புறம் காற்று. 2013 ஜூன் 30, அரிசோனாவின் யார்னெல் ஹில். நல்ல பயிற்சி பெற்ற குழு. இடிமழை மேகம் கீழே தள்ளிய காற்று தீயின் திசையைத் திருப்பிவிட்டது. 19 பேர் இறந்தார்கள். அதனால்தான் எந்தக் குழுவாக இருந்தாலும் நான்கு விஷயம் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்கிறோம்: உயரத்திலிருந்து தீயைக் கண்காணிக்க ஓர் ஆள், அவரோடு அறுந்துபோகாத தொடர்பு, தப்பும் வழி, அந்த வழி போய்ச் சேரும் பாதுகாப்பான இடம். தப்பும் வழி இரண்டாவது இருந்தால் நல்லது, அதைக் காலையிலேயே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, யாரும் படம் எடுக்காத வேலை ஒன்று உண்டு. தீ அடங்கிய பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு மிக அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார்ப்போம். தெரியவில்லை என்றால் மெல்ல மண்ணைக் கிளறி மறுபடி பார்ப்போம். அடிமரத்துக்குள், வேருக்குள், சாணக் குவியலுக்குள் கனல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 1991-ல் ஓக்லந்து மலைப்பகுதியில் 25 பேரைக் கொன்ற தீ, முந்தின நாள் அடக்கிய சிறிய புல் தீயின் மிச்சம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவை அழித்த தீயும் காலையில் அடக்கிய தீயிலிருந்து மதியம் மறுபடி கிளம்பியது என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. ஒரு தீயை முடித்துவைப்பது அதைக் கட்டுப்படுத்துவதைவிட அதிக நேரம் பிடிக்கும் வேலை. அதற்கு வேண்டிய ஆளையும் தண்ணீரையும் கொடுக்க யாருக்கும் மனது வருவதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் தீ எதுவும் அங்கே இல்லை.

#4 நெல்லிமரம்

அண்ணா, எதிர்த்தீ வைப்பது என்கிறார்களே, ஊர்க்காரர்களே அதைச் செய்யலாமா? எங்கள் குழுவில் சிலர் அதைத்தான் சொல்கிறார்கள்.

#5 தீக்கோடு

கூடவே கூடாது தம்பி. எதிர்த்தீ என்பது பெரிய தீ வரும் பாதையில் இருக்கும் எரிபொருளை, ஒரு கோட்டிலிருந்து தொடங்கி முன்பே எரித்துத் தீர்ப்பது. காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, பெரிய தீ எப்போது அந்தக் காற்றைத் தன் பக்கம் உறிஞ்சத் தொடங்கும், நடுவில் யார் இருக்கிறார்கள், இதெல்லாம் தெரிந்தவர் சொல்லித்தான் வைக்க வேண்டும். தெரியாமல் வைத்தால் இரண்டாவது காட்டுத்தீ.

1949-ல் மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் வாக்னர் டாட்ஜ் என்ற குழுத்தலைவர், தீ துரத்தி வரும்போது தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தீ வைத்து, அது எரிந்து விட்ட கருந்தரையில் குப்புறப் படுத்து உயிர் பிழைத்தார். கூட இருந்தவர்களை அதற்குள் வரச்சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்ன செய்கிறார் என்று அந்த நொடியில் அவர்களுக்குப் புரியவில்லை. அன்று 13 பேர் இறந்தார்கள். அனுபவசாலி செய்ததே கூட இருந்தவர்களுக்குப் புரியாமல் போனது என்றால், பயிற்சி இல்லாத கூட்டத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தீப்பருவத்துக்கு முன் கோடுகளைச் சுத்தம் செய்வது, புகையைப் பார்த்த உடனே சரியான இடத்தைச் சொல்லித் தகவல் தருவது, வரும் குழுவுக்குப் பாதையும் தண்ணீரும் காட்டுவது. வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருப்பது எங்களுக்குப் பெரிய பலம்.

#6 வேலியோரம்

என் வீடு காட்டை ஒட்டியது. வீட்டுக்கும் மரங்களுக்கும் நடுவில் அகலமான வெற்றிடம் விட்டிருக்கிறேன். இது போதுமா? தீச்சுவர் போல வந்து மோதினால் அவ்வளவு இடைவெளி காப்பாற்றுமா என்றுதான் பயம்.

#7 செம்பருந்து

உங்கள் பயம் தீச்சுவரைப் பற்றியது. பெரும்பாலான வீடுகள் பற்றுவது பறந்து வரும் கங்கினால்.

அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் பல வருஷம் இதைச் சோதித்துப் பார்த்தார். பெரிய மரத்தலைத் தீயாக இருந்தாலும், அதன் வெப்பக் கதிர் மட்டுமே முப்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் மரச்சுவரைப் பற்றவைப்பது அரிது. வீடு எரிவதும் தப்புவதும் வீட்டிலும் அதைச் சுற்றிய முப்பது மீட்டரிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காலை ஆறரை மணியளவில் கிளம்பிய தீ, எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிறகு எடுத்த படங்களில் பல தெருக்களில் வீடு தரைமட்டமாகிக் கிடக்கிறது, பக்கத்தில் மரம் பச்சை இலையோடு நிற்கிறது. காடு வந்து வீட்டை எரிக்கவில்லை. கங்கு விழுந்து ஒரு வீடு பற்றியது, அந்த வீடு அடுத்த வீட்டைப் பற்றவைத்தது.

அதனால் அகலத்தை அளப்பதற்கு முன் வீட்டை நெருங்கிப் பாருங்கள். கூரை ஓரத்து வடிகால் தகட்டில் காய்ந்த இலை இருக்கிறதா? ஓடுகளுக்கு நடுவில் ஊசியிலை சொருகியிருக்கிறதா? சுவரில் அல்லது கூரையடியில் காற்றுத் துளை இருந்தால் அதற்கு மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள உலோக வலை போட்டிருக்கிறீர்களா? பிளாஸ்டிக் வலை உருகிவிடும், அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. வாசலில் தென்னை நார் மிதியடி, சுவரோரம் விறகு, மரத்தளத்துக்கு அடியில் அட்டைப்பெட்டி, இவைதான் கங்குக்குப் பிடித்த இடங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில் வீட்டைச் சுற்றி நடந்து, சருகு எந்த மூலையில் போய்க் குவிகிறது என்று கவனியுங்கள். தீ நாளில் கங்கு குவியப்போவதும் அதே மூலையில்தான். காற்று இரண்டுக்கும் ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கிறது.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் வேண்டாம். சரளைக்கல், சிமெண்ட், வெறும் மண், எதுவானாலும் சரி. அதற்கு அப்பால் பத்து மீட்டர் வரை புல் குட்டையாக இருக்கட்டும், புதருக்கு மேல் மரக்கிளை தொங்க வேண்டாம். தரைத்தீ புதரில் ஏறி, புதரிலிருந்து கிளையில் ஏறி, மரத்தலைக்குப் போவது அந்த ஏணி வழியாகத்தான். முப்பது மீட்டர் வரை மரங்களை வெட்டித் தள்ள வேண்டிய அவசியம் இல்லை, இடைவெளி விட்டு, தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே போதும். வீடு சரிவின் மேல்பக்கம் இருந்தால் கீழ்ப்பக்கத்துக்குக் கூடுதல் தூரம் வேண்டும்.

#8 கரும்பாறை

இதெல்லாம் செய்துவிட்டால் வீட்டிலேயே இருந்து காப்பாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதை இப்போதே பேசிவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் நீண்ட காலம் "தயாராகித் தங்கு, இல்லையென்றால் சீக்கிரமே கிளம்பு" என்பதே அறிவுரை. சாதாரணத் தீ நாளில் அது பலரைக் காப்பாற்றவும் செய்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் மெல்பர்ன் 46.4 டிகிரியைத் தொட்டது, காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள். அதன் பிறகு வந்த விசாரணை ஆணையம் அறிவுரையையே திருத்த வைத்தது. மிக மோசமான நாளுக்கென்று தனி எச்சரிக்கை நிலை வந்தது: அன்று எந்த வீட்டையும் நம்பாதே, தீ வருமுன்பே போய்விடு.

ஆனால் "போய்விடு" என்பதில் எப்போது என்பதுதான் உயிர். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தப்பி ஓடும்போது ஒரே சாலையில், வண்டிகளிலும் வண்டிகளுக்குப் பக்கத்திலும். இருபுறமும் யூகலிப்டஸ், பைன். புகையில் முன்னால் போகிற வண்டி தெரியாது. கடைசி நிமிஷத்தில் கிளம்புவது, தங்குவதைவிட ஆபத்தாக முடியலாம்.

எதிர்ப்பக்கம் 2016 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் மக்மரி. ஏறக்குறைய 88,000 பேர் வெளியேறினார்கள், சாலையின் இரு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. தீயில் சிக்கி யாரும் இறக்கவில்லை, வெளியேறும் வழியில் நடந்த வண்டி விபத்தில் இரண்டு பேர் போனார்கள்.

எச்சரிக்கை மணி ஒலிக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். லஹைனாவில் 102 பேர் இறந்த அன்று வெளிப்புற அபாயச் சங்குகள் ஒலிக்கவே இல்லை. மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரமும் போகும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், இந்த மூன்றும் சேரும் நாள் என்றால் வண்டியில் எண்ணெய் நிறைத்து, முகப்பை வெளியே பார்த்து நிறுத்தி வையுங்கள். வயதானவர்கள், கைக்குழந்தை, கால்நடை இருந்தால் அன்று காலையிலேயே அவர்களை நகர்த்திவிடுங்கள். வீண் அலைச்சலாகப் போனாலும் நஷ்டமில்லை.

#9 நெல்லிமரம்

வழியில் மாட்டிக்கொண்டால்?

#10 தீக்கோடு

வண்டியை விட்டு இறங்கி ஓடாதே. செடி கொடி இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, காற்றுத் துவாரங்களை மூடி, சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து, கம்பளியால் மூடிக்கொள். முதலில் கொல்வது வெப்பக் கதிர், அதற்கு நடுவில் ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். உடம்பில் பருத்தி அல்லது கம்பளி, முழுக்கை, மூடிய காலணி. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இது வேறு வழியே இல்லாதபோது செய்வது. இதை நம்பித் தாமதமாகக் கிளம்பக் கூடாது.

#11 மூச்சுக்காற்று

புகையைப் பற்றி யாருமே எழுதவில்லையே. நான் நுரையீரல் நோயாளிகளோடு வேலை செய்கிறவள், தீயைப் பார்க்காமலே தீயால் பாதிக்கப்பட்டவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் 2019-20 தீப்பருவத்தில் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அதே காலத்தில் புகையால் கூடுதலாக 417 பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அளவைப் பாருங்கள். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போகிறது, ஆஸ்துமாவோடு நிற்பதில்லை, இதயத்தையும் தொடுகிறது. கர்ப்பிணிகள், குழந்தைகள், இதயநோய் உள்ளவர்கள் தீயிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இது அவர்களுடைய பிரச்சினைதான். 2023 ஜூனில் கனடாவில் எரிந்த காட்டின் புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியதைப் பார்த்திருப்பீர்கள்.

ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று இன்னமும் சொல்கிறார்கள். பெரிய சாம்பல் துகளைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் வேலை செய்யும். தாடி இருந்தால் பொருந்தாது.

வீட்டில் ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுங்கள், வீடு முழுவதையும் சுத்தமாக வைக்கப் பார்த்தால் எதுவும் நடக்காது. சன்னல், கதவு இடுக்குகளை அடைத்து, அந்த அறையில் காற்று வடிகட்டும் கருவி ஒன்றை ஓடவிடுங்கள். கருவி வாங்க முடியாதவர்கள் சதுர மேசை விசிறியோடு எம்இஆர்வி 13 தர (நுண்துகளையும் பிடிக்கும்) வடிகட்டிகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்துகொள்ளலாம், நன்றாகவே வேலை செய்கிறது. புகை நாளில் வறுப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, தூசு பறக்கப் பெருக்குவது வேண்டாம். மருந்து உறிஞ்சியை (இன்ஹேலர்) தீப்பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

#12 ஆற்றுமணல்

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். முதல் பதிவின்படி போனால் முடிவு "நாமே காட்டை எரிப்போம்" என்றுதான் வரும். மூச்சுக்காற்று அம்மா சொன்ன அதே புகையை நாமே ஏன் கிளப்ப வேண்டும்? 2022-ல் நியூ மெக்சிகோவில் வனத்துறையினர் திட்டமிட்டு வைத்த தீதான் கைமீறி அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீயாக ஆனது. குவித்து எரித்த ஒரு குவியல் குளிர்காலப் பனியையும் தாண்டி உள்ளுக்குள் கனன்று வசந்தத்தில் எழுந்தது. வீடிழந்தவர்களிடம் போய் "இது தடுப்பு நடவடிக்கை" என்று சொல்ல முடியுமா?

#13 செம்பருந்து

முடியாது. அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேசவும் கூடாது. அங்கே வறட்சி எவ்வளவு முற்றியிருந்தது என்பதைச் சரியாகக் கணிக்காமல் எரித்தார்கள், தப்பு அதில் இருக்கிறது.

எப்போது, எப்படி எரிக்கிறோம் என்பதுதான் எல்லாம். வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலப்பகுதியில் பழங்குடி மக்கள் மழையில்லாப் பருவத்தின் தொடக்கத்திலேயே, புல்லில் இன்னும் பச்சை ஒட்டியிருக்கும்போது, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது, இரவுப் பனியில் தானே அணைந்துவிடும், மரத்தலை கருகாது, ஓணானும் எலியும் ஒதுங்க எரியாத திட்டு பக்கத்திலேயே இருக்கும். வறட்சி முற்றியதும் பெரிய தீ வந்தால் அந்தக் கருந்திட்டுகளில் வந்து முட்டி நின்றுவிடும். 2006-லிருந்து மேற்கு ஆர்ன்ஹெமில் இதைத் திட்டமாகவே நடத்துகிறார்கள், அதனால் குறையும் பசுமைஇல்ல வாயுக் கணக்குக்கு அந்த மக்களுக்குப் பணமும் கிடைக்கிறது. பல நாடுகளில் காட்டை இப்படிப் பராமரித்தவர்களைக் குற்றவாளிகளாக நடத்தி விரட்டிவிட்டு, பிறகு காடு எரிகிறதே என்று நிற்கிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

எரிக்கக் கூடாத காட்டில் வேறு வழி இருக்கிறது. ஆடு மாடு மேய்ப்பது, புதரை வெட்டித் துகளாக்குவது, சருகை வாரி வெளியே கொண்டுபோவது. உத்தராகண்டில் பைன் ஊசியிலையைச் சேகரித்து எரிகட்டியாக்கும் முயற்சிகள் நடக்கின்றன, சருகும் குறைகிறது, சேகரிப்பவருக்குக் கூலியும் கிடைக்கிறது. இந்தோனேசியாவின் கரிச்சதுப்பு நிலங்களில் (மட்கிய செடிகொடி ஆழமாகச் சேர்ந்த, காய்ந்தால் எரியும் சதுப்பு) ஒரு தீக்குச்சியும் கிழிக்கக் கூடாது, அங்கே வேலை நீரை வடிய விடாமல் கால்வாயை அடைப்பது. 2015-ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததற்கு, வடிகால் வெட்டிக் காயவைத்த சதுப்பு ஒரு பெரிய காரணம்.

#14 கரும்பாறை

இன்னொன்று, பற்றவைப்பது யார் என்பது. அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதர்களால் தொடங்கியவை. பெரும்பாலும் வேண்டுமென்று வைத்தது அல்ல. மதிய வெயிலில் இயந்திரத்தால் புல் வெட்டும்போது தகடு கல்லில் பட்டுப் பொறி பறப்பது, சூடான புகைக்குழாயோடு வண்டியைக் காய்ந்த புல்லில் நிறுத்துவது, தோட்டக்கழிவை எரித்துவிட்டுச் சாப்பிடப் போவது. மின்கம்பி இன்னொரு பெரிய காரணம். பாரடைஸ் தீ, உயர்கோபுரத்தில் மின்கம்பியைத் தாங்கிய ஒரு பழைய தேய்ந்த கொக்கி உடைந்ததில் கிளம்பியது. புல் வெட்டுவதைக் காலைப் பனியோடு முடித்துவிடுங்கள், பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கட்டும்.

தீ எரியும் இடத்தில் ட்ரோன் விடாதீர்கள். ஒரு ட்ரோன் தென்பட்டாலே தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் அத்தனையும் தரையிறங்க வேண்டும்.

#15 நெல்லிமரம்

செயற்கைக்கோள் கண்ட தீயைக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்து முடிவெடுக்கலாமா?

#16 தீக்கோடு

எங்கே எரிகிறது என்று மொத்தமாகத் தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் விர்ஸ் என்ற செயற்கைக்கோள் உணரியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், மோடிஸ் உணரி என்றால் ஒரு கிலோமீட்டர். செயற்கைக்கோள் கடந்துபோய் மூன்று மணி நேரத்துக்குள் தகவல் வரும் என்கிறார்கள், அதற்குள் புல் தீ எத்தனையோ தூரம் போயிருக்கும். மேகமோ அடர்ந்த புகையோ இருந்தால் புள்ளியே வராது. புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று நினைக்காதே. கிளம்பும் முடிவை உள்ளூர் அறிவிப்பையும் உன் கண்ணையும் மூக்கையும் வைத்து எடு.

#17 ஆற்றுமணல்

தீ அணைந்த பிறகும் சரிவுக்குக் கீழே இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடும் தீயில் மண்ணின் மேல் படலம் நீரை உள்ளே விடாமல் மெழுகு பூசியதுபோல ஆகிவிடுகிறது. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவில் தாமஸ் தீ எரிந்தது. 2018 ஜனவரியில் அந்த மலையில் பெய்த மழை, மண்ணும் பாறையுமாக மான்டிசிட்டோ ஊரில் இறங்கியது. 23 பேர் போய்விட்டார்கள். முதல் மழைக்கு முன் சரிவுக்குக் குறுக்கே மரத்துண்டுகளைக் கிடத்துவது, வைக்கோல் பரப்புவது ஓரளவு உதவும். அவசரப்பட்டு எதையாவது நடுவதற்கு முன், வேர் தப்பிய மரங்கள் தானே துளிர்க்க ஒரு மழைக்காலம் கொடுங்கள்.

#18 வேலியோரம்

செம்பருந்து சொன்னபடி வீட்டைச் சுற்றி வந்தேன். கூரை வடிகால், மிதியடி, விறகு எல்லாம் சரி செய்துவிடலாம். ஆனால் பக்கத்து மனை பூட்டிக் கிடக்கிறது, ஆள் உயரப் புல், என் சுவரை ஒட்டியே ஒரு மரக்கொட்டகை. உரிமையாளர் வெளியூர். என் வீட்டை நான் என்ன சுத்தம் செய்தாலும் அந்தக் கொட்டகை எரிந்தால் என் வீடும் போகுமே?

#19 செம்பருந்து

போகும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தனி ஆளாகத் தப்ப முடியாது, பாரடைஸில் நடந்தது அதுதான். அமெரிக்காவில் 'ஃபயர்வைஸ்' என்ற திட்டம் தனி வீட்டை விட்டுவிட்டுத் தெரு முழுவதையும் ஒரு குழுவாகச் சேர்ப்பது இதனால்தான்.

உரிமையாளருக்குப் படத்தோடு எழுதுங்கள், குற்றம் சொல்லாமல், "நீங்கள் அனுமதி கொடுத்தால் நாங்களே புல்லை வெட்டிவிடுகிறோம்" என்று. வெளியூரில் இருப்பவர்களில் பலர் மறுக்கப்போவதில்லை, யாரும் கேட்பதில்லை என்பதுதான் நடக்கிறது. பதில் வராவிட்டால் உள்ளாட்சிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை கொட்டகைப் பக்கத்துச் சுவரில் இருக்கும் காற்றுத் துளைக்கு முதலில் உலோக வலை அடியுங்கள், அந்தப் பக்கச் சன்னலில் திரைத்துணி இருந்தால் கழற்றிவிடுங்கள், கண்ணாடி விரிசல் விட்டால் முதலில் பற்றுவது அதுதான். கொட்டகையைப் பிரிக்க அவர் சம்மதித்தால் பலகைகளை உங்கள் பக்கமும் அடுக்க வேண்டாம்.

#20 வேலியோரம்

எழுதிவிட்டேன், தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் புல்வெட்டி இருக்கிறது. அனுமதி வந்ததும் காலை வேளையாகப் பார்த்துத் தொடங்குகிறோம்.